முதல் வாய்க் காளான்

போடிமெட்டுச் சாலையில் மழைக்காலத்தில் எந்த வளைவில் மலை சரிந்து கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணும் கல்லுமாகப் பாதி ரோட்டை மூடிக் கிடக்கும். மற்ற ஜீப்புக்காரர்கள் ஆட்களோடு ஒரே அழுத்தாக அழுத்திக் கடந்துவிடுவார்கள். எங்கள் ஜீப்புக்காரர் நிறுத்துவார். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்னால் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க தாயி. நான் மொதல்ல போயிப் பாத்துட்டு வாறேன்" என்பார்.

தேவாரத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். அவர்கள் காய் எடுக்கப் போவார்கள். நான் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதப் போவேன். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் தாளுமாக அத்தனை பேரும் மழையில் இறங்கி நிற்போம். அவர் ஒற்றை ஆளாகச் சரிவைத் தாண்டி ஜீப்பை நிறுத்துவார். பிறகு இறங்கி, வந்த வழியே நடந்து, மண்ணைக் காலால் உதைத்து உதைத்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியான பிறகுதான் நாங்கள் நடந்து போய் ஏறலாம். தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சூப்பர்வைசர் மலையாளத்தில் அர்ச்சனையை ஆரம்பித்திருப்பார்.

இதற்காக அவரைக் கேலி பேசாத வாய் எங்கள் ஜீப்பில் இல்லை. அதிலும் ஒரு அக்கா இருந்தாள், வாயைத் திறந்தால் ஊசியும் நூலுமாகத்தான் வரும். ஒருநாள் அவள் சொன்னாள்: "நம்ம சாகும்போதுகூட இவரு மொதல்ல சுடுகாட்டுக்குப் போயி, குழிக்குள்ள எறங்கிப் பாத்துட்டு வந்து, எடம் நல்லாத்தான் இருக்கு தாயி வாங்கன்னுதான் சொல்லுவாரு." ஜீப் குலுங்கும்படி சிரித்தோம். அவரும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஒல்லியான ஆள். தலையில் எப்போதும் ஒரு துண்டைக் காது மறைய வரிந்து கட்டியிருப்பார். கடைவாயில் ஒரு ஏலக்காய் கிடக்கும். ஜீப்பில் புதிதாகப் பலகை அடித்தால் முதலில் தான் உட்கார்ந்து குதித்துப் பார்ப்பார். வழியில் ஊற்றுத் தண்ணீர் பிடித்தால் முதல் மடக்கு அவருக்கு. தேர்தல் சமயத்தில் யாரோ வண்டிக்குள் பிரியாணிப் பொட்டலங்களைத் திணித்துவிட்டுப் போனார்கள். ஒன்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, மற்றதை யாரும் தொடக்கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டார். அவர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிவதற்குள் பிரியாணி ஆறி, நெய் உறைந்து, வாயில் வைக்க முடியாமல் போயிற்று. அன்றைக்கு நான் அவரைத் திட்டியதை எழுதினால் அச்சில் ஏறாது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்த நேரம். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்னால நின்னு பாக்குறது என்னால ஆகாது தாயி. அதுக்கு முன்னால போயி விழுந்துரலாம்."

வீராப்பு என்று நினைத்தேன். அப்புறம் மற்ற பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய மனைவி மகளைப் பெற்றுப் போட்ட அன்றே ஆஸ்பத்திரியில் இறந்தவள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பிரசவ அறை வாசலில் விடிய விடிய நின்றிருக்கிறார். அந்த மகளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர்தான், வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைக் கேட்டபின் மழையில் இறங்கி நிற்கும்போது நான் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது காளானுக்கு வருகிறேன். வந்துதானே ஆக வேண்டும்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள் தோட்டத்தின் ஓரங்களில், கறையான் புற்று இருக்கும் சரிவுகளில், வெள்ளையாகக் குடை விரித்துக் காளான் நிற்கும். உச்சியில் கொஞ்சம் கூர்மை, கீழே மண்ணுக்குள் நீண்டு போகும் வேர். நாங்கள் வேலை செய்கிற நேரமெல்லாம் அவருக்கு அங்கே வேலை கிடையாது. கவைக்கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு சரிவு சரிவாக ஏறி இறங்கி, துண்டில் காளானை முடிந்துகொண்டு வருவார். மாலை ஜீப்பு முழுக்க அந்த மண் வாசம் இருக்கும். எங்களுக்கு நாக்கு ஊறும். ஆனால் அன்றைக்குக் கிடைக்காது. அதுதான் அவர் வைத்த சட்டம்.

ஊரில் காளானுக்கு நூறு சோதனை சொல்வார்கள். வெள்ளைப் பூண்டைப் போட்டு வேகவைத்தால், விஷமாக இருந்தால் பூண்டு கறுக்கும் என்பார்கள். அரிசியைப் போடு, மஞ்சளைப் போடு, வெள்ளிக் கொலுசைப் போடு என்பார்கள். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "பூண்டுக்கா வகுறு வலிக்கப் போகுது?" என்பார். வீட்டுக்குப் போய், பறித்ததில் ஒரு பங்கைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கித் தான் மட்டும் தின்பார். மகளுக்குக்கூடக் கிடையாது. மறுநாள் விடிந்ததும் எங்கள் தெருமுனையில் ஜீப்பு வந்து நிற்கும். ஆரனை ஒரு அடி அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அவர் உயிரோடு இருக்கிறார், காளான் நல்ல காளான் என்று அர்த்தம். பெண்கள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள்.

ஒரு ராத்திரியை நம்பி இருந்த சோதனை அது. சில காளான்களின் விஷம் மெதுவாக வேலை செய்யும், காலையில் நன்றாக இருந்தவன் இரண்டாம் நாள் விழுவான் என்று பிற்பாடு படித்தேன். அத்தனை வருஷமும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர் காளானை அறிந்து பறித்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. தான் முதலில் தின்றதால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று நம்பினார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஒரு மழைக்காலத்தில், காளானும் மண்ணும் எடுக்க ஒரு பெண் வந்தாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவள். பிளாஸ்டிக் உறைகளும் சின்னக் கரண்டியும் வைத்திருந்தாள். மேலே போக எங்கள் ஜீப்பில்தான் இடம் கிடைத்தது. முன்சீட்டில் அவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். காளான் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் என்ன ஏது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அவள் மறைக்காமல் சொன்னாள். பாறையிலும் மண்ணிலும் ஆதியிலிருந்தே இயற்கையான கதிரியக்கம் கொஞ்சம் உண்டு. யாரும் கொண்டுவந்து கொட்டியது இல்லை. காளான் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும்போது அதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும், சில காளான் கூடுதலாக உறிஞ்சும். அது எவ்வளவு, தின்கிறவர்களுக்குப் பாதிப்பு வருமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பயப்பட வேண்டாம் என்றும் அப்போதே சொன்னாள். வாழைப்பழத்தில் இருக்கிறது, நம் உடம்பிலேயே இருக்கிறது, மழைக்காலத்தில் எப்போதோ தின்கிற காளானால் பெரிதாக ஒன்றும் வராது என்றாள். எங்கள் பக்கத்தில் ஏதோ பெரிய ஆராய்ச்சிக்காக மலையைக் குடையப் போகிறார்கள், அதனால் கதிரியக்கம் வரும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜனங்களுக்குப் பயம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் சாய்ந்து காது கொடுத்தார்கள்.

அவர் ஒரு வளைவைக் கவனமாகத் திருப்பினார். அப்புறம் கேட்டார்.

"ராத்திரி தின்னா காலையில தெரிஞ்சுருமா?"

"தெரியாதுண்ணே. அப்படியே பாதிப்பு வந்தாலும் பல வருஷம் ஆகும். ஒருத்தர் ரெண்டு பேரை வச்செல்லாம் சொல்ல முடியாது."

"அப்ப ஒரு ஆளு முன்னால போயிப் பாத்துட்டு வந்து சொல்றதுக்கு இதுல வழி இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். அவள் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். சில மாதம் கழித்து என் போனுக்குச் செய்தியும் அனுப்பினாள். எங்கள் பக்கத்துக் காளானில் இருப்பது கவலைப்படுகிற அளவு இல்லை, ஊரில் தின்கிற மாதிரி தின்னலாம், தினமும் கிலோக் கணக்கில் மட்டும் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். நான் அதை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "இருக்குன்னுதான போட்டிருக்கு" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் ஜீப்பில் வந்த நாளோடு கிண்ணங்களுக்கு வேலை போயிற்று. மழை பெய்தது, இடி இடித்தது, காளான் முளைத்தது. அவர் பறித்தார். ஆனால் யாருக்கும் கொடுக்கவில்லை. அத்தனையையும் தானே தின்றார். தின்று மீந்ததை வெயில் அடிக்கும்போது காயப்போட்டு வைத்துக்கொண்டு கோடையிலும் தின்றார். அந்தப் பெண் எதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னாளோ அதைத்தான் செய்தார். கேட்டால், "பல வருசம் ஆகும்ன்னு சொல்லிருக்கு. நான் தின்னு பாக்குறேன். ஒண்ணும் ஆகலேன்னா அப்புறம் தாறேன்" என்றார். எத்தனை வருஷம் என்று ஊசிவாய் அக்கா கேட்டாள். "நான் சொல்றவரைக்கும்" என்றார் அவர். கிறுக்கு முற்றிவிட்டது என்று சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது. மனிதனின் ஆயுசைவிட நீளமான ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு வந்து எங்களுக்கு ஆரன் அடிக்கப் போவதாக ஒருவர் சொன்னால்?

அவர் மனதில் இருந்தது நாங்கள் இல்லை என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை. அந்தப் பெண் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவருடைய மகள் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் காளான் மட்டும் கேட்டாளாம். அவர் வழக்கம்போலத் தான் தின்று, ஒரு ராத்திரி காத்திருந்து, காலையில் அவளுக்குக் கொடுத்தார். ஆசை ஆசையாகத் தின்றாள். பிறந்த பாப்பா கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது. மருமகனுக்கு வெளியூரில் வேலை. அதனால் மகளும் பாப்பாவும் அவரோடே இருந்தார்கள்.

அந்தப் பாப்பாவை நானும் தூக்கியிருக்கிறேன். ஜீப்பின் முன்சீட்டில் நின்றுகொண்டு ஆரனை அமுக்கும். எதைக் கொடுத்தாலும் வாங்காது. தாத்தா ஒரு கடி கடித்துக் கொடுக்க வேண்டும். பிஸ்கட்டோ பழமோ, "தாத்தா மொதல்ல" என்று அவர் வாய்க்கு நேரே நீட்டும். அவர் சாமி பிரசாதம்போல ஓரத்தில் ஒரு துளி கிள்ளிப் போட்டுக்கொள்வார்.

பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. காலில் நீல நீலமாகத் திட்டுகள் கண்டன. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் புற்று என்று சொன்னார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் வராந்தாச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு இல்லை. முதல்முறையாக அவருடைய காதுகளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான குடுத்தேன் தாயி. ஒரு ராத்திரிதான பொறுத்தேன்."

இல்லை அண்ணே, இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். டாக்டர் பொறுமையான மனிதர். காளானால் இது வரவில்லை, அப்படி நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அப்படியானால் எதனால் வந்தது என்று இவர் கேட்டார். பெரும்பாலும் காரணம் தெரியாது, யாருக்கும் வரலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என்னிடம், "காரணம் தெரியலேன்னு சொல்றாக. அப்புறம் இது இல்லேன்னு மட்டும் எப்பிடித் தெரியுமாம்?" என்றார். அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவள் அழுதுவிட்டாள். கிட்டத்தட்ட வாய்ப்பே இல்லை அண்ணே என்றாள். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கிட்டத்தட்டவாம்" என்றார்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் உண்டு. நான் டாக்டருமில்லை, பெரிய படிப்புப் படித்தவளுமில்லை, அதனால் சந்தேகம் என்று மட்டும் சொல்கிறேன். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் காற்று முழுக்க அந்த வாடைதான். கண் எரியும், தொண்டை கமறும், தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றில் அந்த வாடை வரும். அப்பா வீட்டுக்கு வந்திருந்த அவருடைய மகளும் எங்களோடு மலையேறி, வயிற்றுப்பிள்ளையோடு அஞ்சாம் மாசம்வரை அங்கே காய் எடுத்தாள். அதை அளந்து பார்க்க யாரும் உறையும் கரண்டியும் கொண்டுவந்து எங்கள் ஜீப்பில் ஏறியதில்லை. இதையும் டாக்டரிடம் கேட்டேன். இதுதான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். இதை அவரிடம் சொன்னபோது அவர் காதில் வாங்கவே இல்லை. மருந்தடித்தவன் யாரோ. காளானைக் கையில் கொடுத்தது அவர். ஆதியிலிருந்து மண்ணில் இருக்கிற ஒன்றுக்கு இந்த ஒற்றை மனிதர் பொறுப்பேற்றுக்கொண்டார், அடித்த மருந்துக்கு இன்றுவரை எவரும் ஏற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் பாப்பா வழக்கத்தை விடவில்லை. மாத்திரையைக் கரைத்துக் கொண்டுவந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு, "தாத்தா மொதல்ல" என்று சொல்லும். முதல் நாள் அவர் நிஜமாகவே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். நர்ஸ் பதறி, இது வீரியமான மருந்து, ருசி பார்க்கிற சமாச்சாரமில்லை என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து ஒரு மூடியில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு, குடித்து, முகத்தைச் சுளித்து, "கசக்குது, ஆனா நல்லாருக்கு" என்பார். பாப்பா வாயைத் திறக்கும். அந்த நர்ஸே பிறகு தண்ணீர் மூடியை எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஊசிக்கும் அப்படித்தான். மூடி போட்ட பேனாவால் முதலில் அவர் கையில் குத்துவார்கள். "பாத்தியா, எனக்கு வலிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

தேறி வருவதுபோல இருந்தது. மொட்டைத் தலையோடு ஜீப்பில் ஏறி ஒருமுறை ஆரன்கூட அடித்தது. பிறகு மறுபடியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். கிருமி தொற்றிவிடும், யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். கதவு மூடும்போது பாப்பா தலையைத் தூக்கி, "தாத்தா, நீ மொதல்ல வா" என்றது. மகள் இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது. மனைவியைப் பறிகொடுத்த மாதிரியே பேத்தியையும் அவர் ஒரு மூடின கதவுக்கு வெளியே நின்றுதான் பறிகொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் சிறு குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் அங்கே போக மாட்டோம். போனவர்கள் வந்து சொன்னதுதான். குழி வெட்டி முடித்து, பாப்பாவை இறக்கக் கை நீட்டியபோது அவர் தடுத்தாராம். "இருங்கப்பா. நான் மொதல்ல எறங்கிப் பாக்குறேன்" என்று இறங்கினாராம். அடியில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி மேலே போட்டார். மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். அப்புறம் அந்தச் சின்னக் குழிக்குள் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். மருமகன் இறங்கித் தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இதைக் கேட்டதும் ஊசிவாய் அக்கா வாயில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் யாரும் அவளைத் தேற்றவில்லை. சிரித்தது நாங்கள் எல்லாரும்தானே.

அதன்பின் அவர் ஜீப் ஓட்டவில்லை. நானும் தோட்டத்து வேலையை விட்டு, தேனியில் ஒரு மொத்தக் கடையில் கணக்குக்குச் சேர்ந்தேன். தேவாரத்துக்குப் போகிற நாட்களில் அவரைப் பார்க்காமல் வருவதில்லை. மகள் அவரோடுதான் இருந்தாள். மழைக்காலமானால் அடிவாரத்துப் பக்கம் நடந்து போய் எப்படியோ கொஞ்சம் காளான் தேடிக்கொண்டு வருவார். இன்னும் தின்றுகொண்டுதான் இருந்தார். உடம்புக்கு ஒரு தலைவலி காய்ச்சல்கூட வரவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

"எனக்கு ஒண்ணுமே ஆகலியே தாயி" என்றார் ஒருநாள்.

"அதைத்தானே அண்ணே நானும் சொல்றேன். இத்தனை வருசம் இவ்வளவு தின்னும் ஆகலேன்னா, காளான்ல ஒண்ணும் இல்லேன்னுதான அர்த்தம்?"

"ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சே."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேலா, அந்தக் காளான் மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. அவர் முன்னால் தட்டில் மிளகு போட்டு வதக்கிய காளான் இருந்தது. கையை நீட்டி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். "இப்ப ரெண்டு ஆளு" என்றேன். அவர் தட்டைப் பிடுங்கினார். துப்பு தாயி, துப்பு என்று என் தாடையைப் பிடித்தார். நான் மென்று விழுங்கிவிட்டேன். அவர் மனதில் இருக்கிற கல்லைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்றுதான் செய்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் என் போன் ஒரு அடி அடித்து நின்றது. அவர் எண். பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "சரி தாயி" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறார். பேச்சு எதுவும் கிடையாது. அவர் ஒரு அடி அடிப்பார், நான் ஒரு அடி அடித்து வைப்பேன். முதலில் சிரிப்பாக இருந்தது. காளானில் ஒன்றும் இல்லை அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். ஒருநாளும் தவறவில்லை. பின்னால் நின்று பார்க்க முடியாது என்று சொன்ன மனிதர், கடைசியில் எனக்குப் பின்னாலும் வந்து நின்றுகொண்டார்.

போன ஐப்பசியில் ஒரு காலை போன் அடிக்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். "அப்பா எந்திரிக்கலக்கா" என்றாள்.

நெஞ்சுவலி என்றார் வந்து பார்த்த டாக்டர். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆனால் தெருவில் நான் கேட்ட பேச்சு வேறு. காளான் கடைசியில் வேலையைக் காட்டிவிட்டது, பேத்தியைக் கொண்டுபோன மாதிரியே தாத்தாவையும் கொண்டுபோய்விட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் இப்போது யாரும் காளான் தொடுவதில்லை. மருந்தடிப்புக்குத் தவறாமல் போகிறார்கள். தேற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒருத்தி, எப்போதும்போல நமக்கு முன்னால் போய்விட்டார் என்றாள். அவளை அறைந்திருப்பேன். எங்கே முன்னால் போனார்? பாப்பா போய் எத்தனை மழை ஆயிற்று.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு மகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் காயப்போட்ட காளான் ஒரு சுளகு நிறைய இருந்தது. அதைக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டாள். கொட்டிவிடு என்றேன். எழுந்து போனவள் நிலைப்படியில் நின்று திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்களும் தின்னீகளே. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைடி ஆத்தா. நல்லாத்தான் இருக்கேன்."

தலையை ஆட்டினாள். கடைசிப் பஸ் பிடித்து நான் தேனிக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் போன் ஒரு அடி அடித்து நின்றது. அவர் எண்ணிலிருந்துதான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு அடி அடித்து வைத்தேன்.